லோனி தைசன் கேட்காத மன்னிப்பு

லோனி தைசன் பிறந்த ஊரைவிட்டு எங்கும் குடிபோனவள் இல்லை. நாடுகள்தான் அவள் வாசலுக்கு வந்து வந்து போயின. பிறந்தபோது ஜெர்மானியப் பேரரசரின் குடிமகள். ஏழு வயதில் பெல்ஜியத்துக்காரி ஆனாள். இருபத்தேழு வயதில் மறுபடி ஜெர்மனி. முப்பத்தொன்றில் மறுபடி பெல்ஜியம். எங்கள் மலைப்பக்கத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத கிழவர் கிடையாது. பீர் கோப்பையைக் கையில் எடுத்தாலே இந்தக் கதைதான். லோனி மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை. மாற்றியது அவர்கள், கணக்குக் கேட்டது தன்னிடம் என்பது அவள் கட்சி.

முதல் தடவை, முதல் உலகப் போர் முடிந்தபோது, மக்களைக் கேட்டுத்தான் மாற்றினோம் என்று பெல்ஜிய அரசு சொன்னது. கேட்ட விதம் இது: டவுனில் ஒரு மேஜை போட்டு, அதன் மேல் ஒரு பதிவேட்டைத் திறந்துவைத்து, பக்கத்தில் ஒரு அதிகாரியை உட்காரவைத்தார்கள். பெல்ஜியத்தோடு சேர விருப்பம் இல்லாதவர்கள் நேரில் வந்து, அந்த அதிகாரி பார்க்க, தங்கள் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியவனுக்கு ரேஷன் அட்டை போகும், ஊரைவிட்டே துரத்திவிடுவார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. லோனியின் அப்பா சாலைக்குக் கல் உடைக்கிறவர், வீட்டில் ஆறு வாய். அவர் ஒருநாள் காலையில் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினார். மத்தியானத்துக்குள் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மேஜைவரை போனாரா, பாதி வழியில் திரும்பினாரா என்று அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. எழுதியவர்கள் கை விரலில் அடங்கும் கூட்டம் என்றும், ஆகவே மற்ற எல்லோருக்கும் சம்மதம் என்றும் மேலிடத்தில் முடிவு செய்துகொண்டார்கள்.

லோனி வளர்ந்து, தன் சொந்தக் கிராமமான லாங்கர்ஷைட்டின் ஒரே மளிகைக் கடைக்கு வாழ்க்கைப்பட்டாள். புருஷன் நிக்லா சாது. கடையில் கடன் கேட்டு வருபவனிடம் அவனே வெட்கப்படுவான். அவன் தங்கை ட்ரின் பிரெஞ்சு பேசும் ஊர் ஒன்றில் பணக்கார வீட்டில் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். கல்யாணம் அவளுக்கு வாய்க்கவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. நிக்லாவுக்கும் லோனிக்கும் எவால்ட் என்று ஒரு மகன். அவன் தவழ்ந்துகொண்டிருந்த வயதில் ஹிட்லரின் படை எல்லை தாண்டி வந்தது. ஒரே வாரத்தில் எங்கள் பக்கம் ஜெர்மனி ஆகிவிட்டது. இந்தத் தடவை மேஜையும் போடவில்லை, பதிவேடும் திறக்கவில்லை.

புது ஆட்சிக்கு ஊரில் ஒரு விவசாயிகள் தலைவர் தேவைப்பட்டார். மாட்டு வியாபாரி செர்வாஸ் ப்ரூல் தானாகப் போய் அந்தப் பதவியை வாங்கிக்கொண்டான். சிவந்த முகம், நல்ல உயரம், யாரையும் பேச்சில் மடக்கிவிடுகிற ஆள். சந்தை சந்தையாக மாடு ஓட்டிப் போய் விற்றதில் பிரெஞ்சும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. யாருக்கு எவ்வளவு சரக்கு, எவன் பட்டாளத்துக்குப் போக வேண்டும், எவனை வயல் வேலைக்கு விட்டுவைக்கலாம் என்பதில் எல்லாம் அவன் வாய்க்கு மதிப்பு இருந்தது. அவன் மகன்கள் இரண்டு பேரும் வயல் வேலைக்கு விட்டுவைக்கப்பட்டார்கள். நிக்லாவுக்குச் சீருடை வந்தது.

நிக்லா ரஷ்யப் பக்கம் போன முதல் குளிர்காலத்தில் செர்வாஸ் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். பட்டாளத்துக்குக் கம்பளித் துணி சேர்க்கிற பெட்டி. கல்லா மேஜையில் சாமான்களை நகர்த்திவிட்டு அதை வைத்தான்.

"பொறுப்பாளர்னு உன் பேரைக் குடுத்துட்டேன் லோனி" என்றான்.

"என்னைக் கேக்கவே இல்லியே."

"இதுல கேக்க என்ன இருக்கு? உனக்கு மாவும் சர்க்கரையும் வரணுமா வேண்டாமா?"

அவன் போன பிறகு ட்ரின் பெட்டியை அடுப்பில் வைத்துவிடலாம் என்றாள். மாவும் சர்க்கரையும் வராவிட்டால் ஊரே பட்டினி என்பது லோனிக்குத் தெரியும். பெட்டி இருந்தது. ஆட்கள் கையுறையும் பழைய காலுறையும் போட்டார்கள். நிக்லாவுக்கும் குளிருமே என்று லோனியும் ஒரு சட்டை பின்னிப் போட்டாள். நிக்லா அதற்கு அப்புறம் இரண்டு முறை விடுப்பில் வந்தான். மூன்றாவது முறை அவனுக்குப் பதிலாகச் செய்திதான் வந்தது. காணவில்லை என்று இருந்தது, அவ்வளவுதான். பிறகு அமெரிக்கப் படை வந்தது, ஜெர்மன் படை திரும்பி வந்தது, மறுபடி அமெரிக்கப் படை. அந்த டிசம்பரில் பக்கத்து டவுன் குண்டு விழுந்து தரைமட்டமானது. கடையின் கூரை பறந்துபோய், லோனியும் ட்ரினும் குழந்தையோடு உருளைக்கிழங்கு நிலவறையில் கிடந்தார்கள். மேலே வந்து பார்த்தபோது அவர்கள் மறுபடி பெல்ஜியத்தில் இருந்தார்கள்.

அப்போதுதான் கணக்குக் கேட்கத் தொடங்கினார்கள். அரசும் அதிகாரிகளும் எங்களை விட்டுவிட்டு ஓடினார்களே, அந்த நான்கு வருஷம் யார் என்ன செய்தார்கள் என்று திரும்பி வந்த பெல்ஜியம் வீடு வீடாக விசாரித்தது. ஹிட்லருக்கு மனதாரக் கொடி பிடித்தவர்கள் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள்; இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கொடி பிடித்தவனையும், கொடிக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தவனையும் ஒரே வலையில் அள்ளினால் அதற்குப் பெயர் நீதி இல்லை. அதுவும் எங்கள் மொழி தெரியாதவர்கள் வந்து அள்ளினார்கள்.

லோனிக்கு வந்த காகிதம் பிரெஞ்சில் இருந்தது. ட்ரின் தன் சமையலறைப் பிரெஞ்சை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். எதிரிக்கு உதவியதற்காகக் குடிமை உரிமைகள் பறிக்கப்படும். மறுப்பு இருந்தால் கீழே பள்ளத்தாக்கில் இருந்த டவுனில் ராணுவ நீதிமன்றத்துக்கு வரலாம். வந்த காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு வாய்மூடி இருப்பதுதான் நல்லது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். லோனி கறுப்புக் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டாள்.

நீதிமன்றத்தில் அவளுக்கு முன்னால் கூப்பிட்டது செர்வாஸ் ப்ரூலைத்தான். அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று பிரெஞ்சில் பேச ஆரம்பித்தான். என்ன பேசினான் என்று லோனிக்குப் புரியவில்லை. ஆனால் நீதிபதிகள் முதலில் தலையாட்டினார்கள், பிறகு ஒருவர் ஏதோ கேட்டார், செர்வாஸ் பதில் சொன்னான், மூன்று நீதிபதிகளும் சிரித்தார்கள். தலைமறைவாக இருந்தவர்களுக்கு வெண்ணெய் கொடுத்து உதவினேன் என்று சொன்னானாம். கொடுத்தது உண்மை. கறுப்புச் சந்தை விலைக்கு விற்றான் என்பதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. அவன் குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனான். அவன்மேல் இருந்த வழக்கு அதோடு சரி.

அடுத்து லோனி. கூடத்தின் ஓரத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவர் இருந்தார். காலையிலிருந்து நின்று களைத்துப்போன ஆள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெட்டி உன் கடையில் இருந்ததா என்று கேட்டார்கள். லோனி சொல்லத் தொடங்கினாள். பெட்டி இருந்தது உண்மை. கொண்டுவந்து வைத்தவர் இப்போது வெளியே போனாரே அவர். என் பெயரை என்னைக் கேட்காமல் எழுதினார். மறுத்தால் சரக்கு வராது, சரக்கு வராவிட்டால் குழந்தைகளுக்குப் பால்மாவு கிடையாது. என் புருஷனை நான் அனுப்பவில்லை, பிடித்துக்கொண்டு போனார்கள். எல்லாவற்றையும் வரிசையாக, நிதானமாகச் சொன்னாள். பஸ்ஸில் வரும்போதே மனதில் அடுக்கிவைத்திருந்தாள்.

மொழிபெயர்ப்பாளர் நீதிபதிகள் பக்கம் திரும்பி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

பின் வரிசையில் இருந்த ட்ரின் எழுந்துவிட்டாள். அது இல்லை, அண்ணி சொன்னது அது இல்லை என்று தன் சமையலறைப் பிரெஞ்சில் கத்தினாள். காவலர் வந்து தோளை அழுத்தி உட்காரவைத்தார். மறுபடி எழுந்தால் வெளியேற்றுவேன் என்றார் நீதிபதி. அது லோனிக்கும் புரிந்தது. விரலை ஆட்டுவதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

திரும்பும் பஸ்ஸில் ட்ரின் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அந்த மொழிபெயர்ப்புக்காரன் என்ன சொன்னான்னு சொல்லு" என்றாள் லோனி.

"வேண்டாம் அண்ணி."

"சொல்லுடி."

"'ஆமாம், பெட்டிக்கு நான்தான் பொறுப்புன்னு ஒத்துக்கறாங்க.' இவ்வளவுதான் சொன்னான்."

ஆயுள் முழுக்கக் குடிமை உரிமைகள் இழப்பு என்று தீர்ப்பு வந்தது. அவள் பெயரில் கடை நடத்தக் கூடாது. ஓட்டுப் போடக் கூடாது. எதிரிப் படையில் செத்தவனின் மனைவி என்பதால் விதவைக்கான உதவித்தொகையும் கிடையாது. கடையை ட்ரின் பெயருக்கு மாற்றினார்கள். சொந்தக் கடையில் லோனி அன்றிலிருந்து வேலையாள். ட்ரின் வெளியாட்கள் முன்னால் அவளுக்கு உத்தரவு போடுவது போல நடிக்க வேண்டும். "அந்த அரிசி மூட்டையை எடுத்து வை" என்று சொல்லிவிட்டு, ஆள் போனதும் உள்ளே போய் அழுவாள். லோனி அழுததை யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது, அது இறங்கவும் இல்லை.

எங்கள் நாட்டில் ஓட்டுப் போடுவது கட்டாயம். போகாவிட்டால் அபராதம். ஆகவே தேர்தல் ஞாயிற்றுக்கிழமையில் பூசை முடிந்ததும் ஊர் மொத்தமும் திரண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகும். உரிமை இழந்தவர்கள் யார் என்பது அன்று ஊருக்கே தெரிந்துவிடும். அவளைப் போன்ற மற்றவர்கள் அன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார்கள், உடம்பு சரியில்லை என்பார்கள், தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். லோனி கடை வாசலில் பெஞ்சு போட்டு, மடியில் கூடையை வைத்துக்கொண்டு, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க உருளைக்கிழங்கு உரித்தாள். செர்வாஸ் ப்ரூல் தொப்பியைத் தொட்டு அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவான். அவன் அப்போது பஞ்சாயத்தில் உறுப்பினர்.

சில வருஷங்களில் அரசு கொஞ்சம் இறங்கி வந்தது. விண்ணப்பம் போட்டால் உரிமையைத் திருப்பித் தருவோம் என்றது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போட்டார்கள். வீட்டில் வேலைக்குப் போகிற வயதில் மகன் இருக்கிறான், கடன் வாங்க வேண்டும், சான்றிதழ் வேண்டும், ஆளுக்கு ஒரு காரணம். லோனி மட்டும் போடவில்லை. விண்ணப்பத்தில் கடைசி வரி, செய்த குற்றத்துக்கு வருந்துகிறேன், மன்னிக்க வேண்டுகிறேன் என்று இருந்தது. குற்றம் எது என்று முதலில் அவர்கள் சொல்லட்டும், அப்புறம் வருந்துவதைப் பார்க்கலாம் என்றுவிட்டாள்.

எவால்ட் சுங்கத் துறைத் தேர்வு எழுதித் தேறியபோதுதான் இது வீட்டுக்குள் வெடித்தது. அவன் உயரமானவன், அப்பாவைப் போலவே மெதுவாகப் பேசுகிறவன். எல்லாம் முடிந்து வேலை உத்தரவுக்காகக் காத்திருந்தவனை ஓர் அதிகாரி தனியாகக் கூப்பிட்டு, முதலில் உன் அம்மா விஷயத்தை முடித்துக்கொண்டு வா என்றாராம். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. எவால்ட் விண்ணப்பத்தை வாங்கிவந்து, நிரப்பி, பேனாவோடு சாப்பாட்டு மேஜையில் வைத்தான்.

"ஒரு கையெழுத்துதானேம்மா."

"அதுக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"

"படிச்சேன். ஊர்ல எல்லாரும் போட்டிருக்காங்க."

"போட்டாங்க. அதனால இப்ப ஊரே குத்தவாளி ஊருன்னு அவங்க ஃபைல்ல இருக்கு. உங்கப்பாவையும் சேத்து எழுதச் சொல்றியா?"

"அப்பா செத்துட்டாரு. நான் உயிரோட இருக்கேன். என்னைப் பத்தி நினைக்க மாட்டீங்களா?"

லோனி பேனாவைக் கையில் எடுத்ததாக ட்ரின் பிற்பாடு சொன்னாள். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள்; கடைசி வரியை விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள்; பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எவால்ட் சாப்பிடாமல் எழுந்து போனான்.

அவன் எல்லைக்கு அப்பால் ஆஹன் நகரத்தில் டயர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். முதலில் தினமும் போய்வந்தான். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு ஜெர்மன் குடியுரிமையும் வாங்கிக்கொண்டான். ஜெர்மனிக்காரியாக நடந்துகொண்டாள் என்று தாயைத் தண்டித்த நாடு, மகனை ஜெர்மனிக்கே அனுப்பிவைத்தது. கிறிஸ்துமஸுக்கு வருவான். பேசுவார்கள், விலைவாசி, கீல்வாதம், பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம். அந்தக் காகிதத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. லோனி இரவில் தூக்கம் வராமல் சமையலறையில் உட்கார்ந்திருப்பாள் என்பது ட்ரினுக்குத் தெரியும். மகனுக்குத் தெரியாது.

இதற்கிடையில் நாட்டில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. வடக்கே டச்சு பேசுகிறவர்களும் தெற்கே பிரெஞ்சு பேசுகிறவர்களும், எந்தப் பள்ளியில் எந்த மொழி, எந்தத் தெருவில் எந்தப் பலகை என்று வருஷக்கணக்காக முட்டிக்கொண்டு, கடைசியில் ஒரே வீட்டுக்குள் தனித்தனிச் சமையல் என்ற முடிவுக்கு வந்தார்கள். அரசியல் சட்டத்தைத் திருத்தி ஆளுக்கு ஒரு பேரவை அமைத்துக்கொண்டார்கள். கிழக்கு ஓரத்தில் ஜெர்மன் பேசும் நாங்கள் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறோம் என்பது அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. பெரியவர்கள் இருவரும் பங்கு பிரித்த மேஜையில் எங்களுக்கும் ஒரு துண்டு விழுந்தது. ஆய்ப்பன் நகரத்தில் எங்களுக்கென்று ஒரு பேரவை. ஆரம்பத்தில் நாடகம், நூலகம், பாட்டுக் குழு இவற்றைப் பற்றி முடிவெடுக்கிற பேரவைதான். ஆனாலும் எங்கள் மொழியில் பேசுகிற பேரவை. அதற்கு முதல் தேர்தல் எழுபத்துநான்கில் வந்தது.

வேட்பாளர்களில் ஒருவன் செர்வாஸ் ப்ரூல். தலை நரைத்து, வயிறு பெருத்து, பேரவைக்கென்றே செய்துவைத்த ஆள் போல ஆகியிருந்தான். லாங்கர்ஷைட் விடுதிக் கூடத்தில் கூட்டம் போட்டான். நம் மொழிக்காக நாம் பட்ட பாடு கொஞ்சமா, நம் மக்களை அந்நிய மொழியில் விசாரித்தார்களே, நமக்கு வாய் இல்லாமல் போயிற்றே என்று உருகினான். கூடம் கை தட்டியது. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

லோனி பின்னால் சுவரோரம் நின்றிருந்தாள். அவளுக்கு ஓட்டு இல்லை. கூட்டத்துக்கு வரக் கூடாது என்று சட்டம் இல்லை. கை தட்டல் அடங்கியதும் முன்னால் நடந்து வந்தாள்.

"ஒரு கேள்வி" என்றாள்.

"கேளுங்க தைசன் அம்மா" என்றான் செர்வாஸ்.

"எனக்கு முன்னாடி உங்களை விசாரிச்சாங்க. நீங்க பிரெஞ்சுல பேசினீங்க. பெட்டியைக் கொண்டுவந்து வச்சது யாருன்னு அன்னைக்கு அங்க சொன்னீங்களா?"

கூடத்தில் ஒருவன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். செர்வாஸ் ஒரு மிடறு தண்ணீர் குடித்தான்.

"பழசை எல்லாம் எதுக்குக் கிளறணும்? அந்தக் காலத்துல நாம எல்லாருமே கஷ்டப்பட்டோம்."

"நாம இல்ல செர்வாஸ். நான் கஷ்டப்பட்டேன். நீ பேசினே." முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவனை அவள் நீ என்றாள். "உனக்கு வாய் இருந்துச்சு. எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வெண்ணெய் உருகியா போயிருக்கும்? இப்ப என் கதையைச் சொல்லி எங்கிட்டயே ஓட்டுக் கேக்கறே. அந்த ஓட்டும் எங்கிட்ட இல்ல."

விடுதிக்காரர் வந்து மெதுவாக அவள் முழங்கையைத் தொட்டார். அவள் கையை உதறிவிட்டுத் தானே வெளியே போனாள்.

அதற்குப் பிறகு ஊர் அவள் பக்கம் வந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். வரவில்லை. செர்வாஸ் நல்ல ஓட்டு வாங்கி ஜெயித்தான். கடையில் பல வாரம் வியாபாரம் படுத்தது. சிலர் உப்பும் காபித்தூளும் வாங்க அடுத்த ஊருக்குப் போனார்கள். ட்ரினுக்கு இது புரியவே இல்லை. அவன் யோக்கியதை எல்லோருக்கும் தெரியுமே, ஏன் நம்மேல் கோபம் என்று கேட்டாள். லோனிக்குப் புரிந்தது. கூடத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். பெரும்பாலானவர்கள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்று தெரியாமலே போட்டவர்கள். ஒருத்தி போடாமல் நிற்கிறவரை அவர்கள் போட்டது அவர்களுக்கே உறுத்திக்கொண்டிருந்தது. செர்வாஸ் அவர்களை மறக்கச் சொன்னான். இவள் மறக்க விடவில்லை.

வருஷங்கள் ஓடின. பேரவைக்கு அதிகாரம் கூடியது, சட்டம் இயற்றியது, சொந்தமாக அமைச்சர்கள் வந்தார்கள். செர்வாஸ் ப்ரூல் செத்தபோது சவப்பெட்டிமேல் கொடி போர்த்தினார்கள், ஊர் வாத்தியக் குழு முன்னால் நடந்தது. எண்பத்தெட்டில் ஆய்ப்பனில் எங்களுக்கென்று தனி நீதிமன்ற வட்டாரமும் வந்துவிட்டது. இனி எங்கள் வழக்கு எங்கள் மொழியில். வானொலியில் அதைக் கேட்ட மறுவாரம், எழுபத்தைந்து வயது லோனி ட்ரினைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

புதுக் கட்டடத்தில் ஓர் இளம்பெண் எழுத்தர் அவர்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டாள். நல்ல பெண். ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கேட்டு முடித்து, இந்த நீதிமன்றத்துக்கு அந்தத் தீர்ப்பைத் தொட அதிகாரம் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னாள்.

லோனி விடவில்லை. அப்படியானால் எங்கள் பேரவையிடம் கேட்கட்டுமா என்றாள். பேரவைக்குப் பள்ளிக்கூடமும் மொழியும் முதியோர் நலமும்தான் என்றாள் அந்தப் பெண். நாமூரில் இருக்கிற பிராந்திய அரசு? அவர்களுக்குச் சாலையும் காடும் தொழிலும். பிரசல்ஸில் இருக்கிற மத்திய அரசு? நீதியும் ராணுவமும் அங்கேதான், ஆனால் அது ராணுவ நீதிமன்றம், அந்தக் காலத்துச் சிறப்புச் சட்டம், மேல்முறையீட்டுக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

"இத்தனை அரசாங்கம் இருக்கு. தப்புப் பண்ணது ஒண்ணுகூட இல்லையா?" என்றாள் லோனி.

எழுத்தர்ப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்து சொன்னாள். "ஒரு வழி இருக்கும்மா. உரிமையைத் திருப்பிக் கேட்டு நீங்க இப்பவும் விண்ணப்பிக்கலாம். முன்ன மாதிரி பிரெஞ்சுல எழுத வேண்டியதில்ல. ஜெர்மன்லயே எழுதலாம். இப்ப உங்களுக்கு அந்த உரிமை இருக்கு."

"மன்னிப்புக் கேக்கற உரிமையா?"

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள்மேல் தப்பில்லை என்று லோனிக்கும் தெரியும். காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்தாள். தெருவில் இறங்கி ஒரு பேக்கரியில் அரிசியும் பாலும் வைத்துச் சுட்ட பெரிய வட்டப் பலகாரம் ஒன்றை வாங்கி, பஸ் நிறுத்தத்திலேயே இருவரும் பிய்த்துத் தின்றார்கள். ட்ரின் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து வெட்கப்பட்டாள். லோனி வாயில் பலகாரத்தை வைத்துக்கொண்டே, நாமூருக்குக் காடு, ஆய்ப்பனுக்குப் பாட்டு, பிரசல்ஸுக்குத் துப்பாக்கி என்று பஸ் வரும்வரை பொரிந்து தள்ளினாள்.

மூன்று வருஷம் கழித்து, தொண்ணூற்றொன்று நவம்பரில், தபால்காரர் ஓர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பொலோனியா தைசன் என்று முழுப்பெயர். அழகான ஜெர்மன். வரும் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்து ஓட்டுப் போடுமாறு அழைக்கப்படுகிறீர்கள். காரணமின்றி வராதவர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படும்.

ட்ரின் ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடிப்போய்க் கேட்டுவந்தாள். பட்டியலை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்களாம். உரிமை இழந்தவர்கள் பெயருக்கு நேரே இருந்த பழைய அடையாளக் குறிகள் அதில் ஏறவில்லையாம். யாரும் முடிவெடுக்கவில்லை, யாரும் மன்னிக்கவில்லை, யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. நாற்பத்தைந்து வருஷத் தண்டனை ஒரு மெஷினுக்குள் போய்க் காணாமல் போய்விட்டது. அலுவலகத்தில் இருந்தவர்கள், அதிர்ஷ்டம்தான், பேசாமல் வந்து போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றார்களாம்.

எவால்ட் ஆஹனிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அம்மாவைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அவனுக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. லோனி வரமாட்டேன் என்றாள்.

"இதைத்தானேம்மா இத்தனை வருஷமா கேட்டீங்க."

"நான் கேட்டது இது இல்ல. என்னை எழுந்து நின்னு சொல்ல விடுன்னு கேட்டேன். இப்ப நான் போகலன்னா நடவடிக்கை எடுப்பாங்களாம், இதுல எழுதியிருக்கு. எடுக்கட்டும். ஆய்ப்பனுக்குக் கூப்பிடட்டும். ஏன் வரலன்னு அந்த ஜட்ஜ் கேக்கட்டும். அப்ப முதல்லேர்ந்து சொல்றேன்."

எவால்ட் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் பேனாவைக் கீழே வைத்ததை அவனும் மறக்கவில்லை. ஆனால் இந்த முறை எழுந்து போகவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுதும் மூன்று பேரும் சீட்டாடினார்கள்.

சம்மனுக்காக அவள் அந்தக் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்பதை ட்ரினிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், எங்கே ஆரம்பிப்பது, எதை விடுவது, செர்வாஸ் செத்துவிட்டதால் அவன் பெயரைச் சொல்லலாமா கூடாதா. தபால்காரரைக் கண்டால் கதவுக்குப் போய் நின்றாள். மின்சாரக் கட்டணம் வந்தது, விதைக் கம்பெனி விளம்பரம் வந்தது. ஓட்டுப் போடாதவர்கள்மேல் வழக்குப் போட அந்த வருஷம் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. மார்ச்சில் நுரையீரலில் சளி கட்டி, நான்கு நாள் படுத்து, லோனி செத்துப்போனாள்.

அடக்கத்தன்று எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். கையெழுத்துப் போட்ட வீடுகளில் இருந்தும் வந்திருந்தார்கள். ஊராட்சித் தலைவர் ட்ரினின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் அண்ணி மனஉறுதி உள்ள பெண்மணி, காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிட்டது பாருங்கள் என்றார். ட்ரின் கையை விடுவித்துக்கொண்டாள்.

"என்னத்தை ஆத்திச்சு?" என்றாள். "அபராதம் போடறதுக்குக்கூட அவங்களைக் கூப்பிடலியே."